போர்வைக்காரியும் கம்பிக்காரியும்

“பிள்ளை, ஒருக்கா ஓடி வாங்கோ. உங்கடை நல்ல பூச்சி தன்ரை தம்பியைத் தின்னுது!”

பொன்னுத்துரை அண்ணையின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. நான் ஸ்கூட்டியை வேம்பின் கீழ் நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றும் முன்பே, வாசிகசாலைக்குள் இருந்து அது வெளியே வந்துவிட்டது.

மார்கழிப் பனி விலகாத காலை. பத்திரிகை படிக்க வந்தவர்கள் பத்திரிகைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நீள மேசையைச் சுற்றி நின்றார்கள். மரண அறிவித்தல் பக்கம்கூடப் பிரிக்கப்படாமல் கிடந்தது. எங்கள் ஊர் வாசிகசாலைகளை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும்.

மேசையின் நடுவே நான் வைத்த இரண்டு ஜாம் போத்தல்கள். வாயில் வெள்ளைத் துணி, துணியைச் சுற்றி ரப்பர் வளையம்.

ஒரு போத்தலுக்குள் கோவா எனும் முட்டைக்கோசின் இலைத் துண்டு ஒன்று. அதன் மேல் பச்சைப் புழுக்குஞ்சுகள், பந்தியில் அமர்ந்ததுபோல் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு, சண்டை சச்சரவு இல்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. அதுதான் கெட்ட பூச்சி. அந்துப்பூச்சியின் குஞ்சுகள்.

மற்றதற்குள் முதல்நாள் பொரித்த குஞ்சுகள் பத்துப் பதினைந்தாவது இருந்திருக்க வேண்டும். மிஞ்சியவை இரண்டே இரண்டு. அதில் ஒன்று தன் அரிவாள் தாடைகளை மற்றதன் இடுப்பில் குத்தி, ஆறின தேத்தண்ணியைக் குடிப்பதுபோல நிதானமாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதுதான் நல்ல பூச்சி.

“உதிலை நல்லது எது, கெட்டது எது எண்டு திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ பிள்ளை. எனக்கு மாறிப் போச்சு,” என்றார் பொன்னுத்துரை அண்ணை.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவரைத் தவிர. வாசல் நிலையில் சாய்ந்து நின்ற சிவமலர் அக்கா சிரிக்கவில்லை. அந்த இரண்டு போத்தல்களுக்கும் பின்னால் அவருடைய முழுத் தோட்டமும் நின்றது.

நாலு பரப்பும் ஒரு கிணறும்

வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். நான் விவசாயப் போதனாசிரியராக முதலில் பொறுப்பேற்ற பிரிவு அது. அங்கே சிவமலர் அக்கா நாலு பரப்புக் காணியை, ஏறத்தாழக் கால் ஏக்கரை, குத்தகைக்கு எடுத்துக் கோவா வைத்திருந்தார். கணவர் பஸ் சாரதி. விடியுமுன் போனால் இருட்டின பிறகுதான் வருவார். தோட்டம் முழுக்க அக்காவின் கை.

காணி பொன்னுத்துரை அண்ணையின் தம்பியுடையது. தம்பி கனடாவில். பார்த்துக்கொள்வது அண்ணை. அண்ணையின் சொந்தக் கோவாத் தோட்டம் பக்கத்திலேயே இருந்தது. இடையில் ஒரு வரம்பு மட்டும்.

அக்காவின் தோட்டத்துக்கு நடுவில் ஒரு கிணறு. அதில் அவர் வீட்டோடு மூன்று வீடுகள் தண்ணீர் குடித்தன. அந்தப் போகம் மருந்தடிப்பதில்லை என்று அவர் முடிவெடுத்ததற்குக் காரணமும் அந்தக் கிணறுதான்.

“போன முறை மருந்தடிச்சுப்போட்டு, ரெண்டு நாளாலை தண்ணி அள்ளினன் மிஸ். வாளிக்குள்ளை அதே மணம். மனப்பிராந்தியோ தெரியேல்லை. ஆனா அண்டைக்குத் தொடக்கம் எனக்கு அந்தத் தண்ணி தொண்டைக்குள்ளை இறங்கேல்லை,” என்றார் என்னிடம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் ஊரில் பூச்சிக்கு அடிக்கும் நஞ்சின் பெயர் மருந்து. “மருந்தடிச்சிட்டியளோ?” என்று சாப்பிட்டாயா என்று கேட்பதுபோலக் கேட்பார்கள். மருந்து என்று சொல்லிவிட்டால், அதை அடிக்காமல் விடுகிறவர் நோயாளியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவர் ஆகிவிடுகிறார். சிவமலர் அக்காவை ஊர் அப்படித்தான் பார்த்தது.

மழை விட்டதும் புழு விழுந்தது. இலைகள் சல்லடையாயின. பொன்னுத்துரை அண்ணை வரம்பில் வந்து நின்றார்.

“சிவமலர், உன்ரை புழு என்னட்டைக் கேட்டுப்போட்டே வரம்பு தாண்டும்?”

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. மிஸ்ஸைக் கூப்பிட்டிருக்கிறன்.”

“மிஸ் வந்து பாட்டுப் படிச்சு அனுப்புவாவோ? வாற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு நான் மருந்து மெசினோடை வருவன். புழு நிண்டால் உன்ரை பக்கமும் சேர்த்து அடிப்பன். ஏலாது எண்டால் சொல்லு, தம்பியிட்டைக் கதைச்சுக் காணியை வேற ஆருக்கும் குடுப்பம்.”

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு போகம் முழுவதையும் புழுவுக்குக் கொடுத்து, மிஞ்சிய கோவாவை வண்டில் வண்டிலாக மாட்டுக்குக் கொட்டியவர் அவர். அந்தப் பயம் அவர் குரலில் இருந்தது. சத்தமாக இருந்ததால் கோபம்போலக் கேட்டது.

எல்லாம் பூச்சிதான்

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. கடைக்குப் போனாலும் பட்டியல், கலியாண வீட்டுக்குப் போனாலும் பட்டியல். பல்கலைக்கழகப் பரீட்சையில், “பயிரை அழிக்கும் அந்துப்பூச்சி ஒன்றையும் நன்மை பயக்கும் இரைகௌவிப் பூச்சி ஒன்றையும் ஒப்பிடுக” என்று ஒரு கேள்வி வந்தபோது, எனக்குப் பலகாரத் தட்டு நீட்டியது போலிருந்தது. நடுவில் கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதினேன்.

அந்து: இறக்கையில் மாப்போன்ற செதில். தொட்டால் விரலில் ஒட்டும்.
கண்ணாடி இறக்கைப் பூச்சி: இறக்கை வலைபோல, ஊடாகப் பார்க்கலாம். கண் பொன் நிறம்.

அந்து: குஞ்சு இலை தின்னும்.
மற்றது: குஞ்சு பூச்சி தின்னும். அழுக்கணவன் என்ற செடிப்பேன், அந்தின் முட்டை, பிஞ்சுப் புழு எல்லாம் அதற்கு உணவு.

அந்து: முட்டைகளைக் கூட்டமாக இட்டு, தன் உடல் மயிரால் மூடும்.
மற்றது: முட்டைகளைத் தனித்தனியே, மயிர்போன்ற காம்பின் நுனியில் வைக்கும்.

நல்ல புள்ளி கிடைத்தது. ஆனால் அன்று மாலை திருநெல்வேலியில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறையில், ரியூப் லைட் போட்டதும் அந்த இரண்டு பூச்சிகளும் ஒரே சுவரில் வந்து குந்தின. என் அறைத்தோழி செருப்பைக் கழற்றி இரண்டையும் அடித்தாள்.

“ஐயோ, மற்றது நல்ல பூச்சியடி!”

“நல்ல பூச்சியெண்டால் ஏன் என்ரை சோத்துக் கோப்பைக்குள்ளை விழுது? எல்லாம் பூச்சிதான். தள்ளி நில்லு.”

அவளும் விவசாயம்தான் படித்தாள். அதே கேள்விக்கு அவளும் விடை எழுதியிருந்தாள். கையில் செருப்போடு நிற்கும்போது நடுக்கோடு ஒருவர் கண்ணுக்கும் தெரிவதில்லை என்று அன்று விளங்கியது.

மயிர்க்கொட்டியின் முட்டை

சிவமலர் அக்கா தொலைபேசியில் அழைத்த அன்று நான் வேறு கிராமத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். அவசரத்துக்கு ஒரு வேலையைச் சொன்னேன்.

“இலைக்குக் கீழ்ப்பக்கம் பாருங்கோ அக்கா. மயிர் உள்ள முட்டை இருக்கும். அந்த இலைத் துண்டோடை நுள்ளி எடுங்கோ. பொரிக்க முந்தி எடுத்தால் காரியம் லேசு.”

அடுத்த நாள் காலை நான் போனபோது அக்காவும், அவருக்கு உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுத் தேவியும் கிணற்றடியில் நின்றார்கள். தேவிக்கு என் வயதுதான். ஆனால் வாய் என்னைவிட வயதில் மூத்தது. காலடியில் இரண்டு வாளிகள்.

முதல் வாளியில் அந்தின் முட்டைக் கூட்டங்கள். தவிட்டு நிறப் பஞ்சைக் கிள்ளி இலையில் ஒட்டியதுபோல் இருந்தன. சரியான வேலை. நன்றாகச் செய்திருந்தார்கள்.

“உது சும்மா வாளி மிஸ்,” என்றாள் தேவி. “மற்றதைப் பாருங்கோ. அதுதான் விசேஷம்.”

இரண்டாவது வாளியைப் பார்த்தேன். இலைத் துண்டுகளில் வெள்ளை நூல் நூலாகக் காம்புகள். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு சின்ன முட்டை. ஊசித் தலைபோல, காற்றுக்கு ஆடிக்கொண்டு.

“ஒவ்வொரு முட்டைக்கும் ஒவ்வொரு மயிர். மயிர்க்கொட்டின்ரை முட்டையெல்லே! ஒண்டு விடேல்லை. குனிஞ்சு குனிஞ்சு என்ரை நாரி முறிஞ்சுபோச்சு.”

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு மயிர்க்கொட்டியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மழைக்காலத்து முருங்கை மரத்தில் அடையாக அப்பியிருக்கும் கம்பளிப்புழு. அதன் கீழால் ஒருதரம் போய்வந்தால் இரண்டு நாளைக்குச் சொறிய வேண்டும். ஓலைச் சூள் கொளுத்திச் சுட்டுத்தான் தீர்ப்போம். ஆகவே மயிர் என்ற சொல்லும் முட்டை என்ற சொல்லும் ஒன்றாகக் காதில் விழுந்தால் இந்தக் குடாநாட்டில் எந்தப் பெண்ணின் விரலும் எங்கே போகும்? தேவியின் விரலும் அங்கேதான் போயிருந்தது. தொலைபேசியில் நான் சொன்னது முன் வாளிக்கும் பொருந்தியது, பின் வாளிக்கும் பொருந்தியது.

இரண்டாவது வாளியில் இருப்பவை நல்ல பூச்சியின் முட்டைகள் என்று விளக்கினேன். சிவமலர் அக்கா வாளிக்குள் பார்த்தபடி நின்றார்.

“அப்ப நாங்கள் எங்கடை ஆக்களையே நுள்ளிப்போட்டம்.”

“ஓமக்கா.”

“செத்துப்போச்சோ?”

“இல்லை. முட்டைக்கு இலை தேவையில்லை. காம்பு முறியாட்டில் அது பொரிக்கும்.”

அவர் கிணற்றடி வாழையில் காய்ந்து தொங்கிய நாரை இழுத்துக் கிழித்தார்.

“அப்ப திருப்பிக் கட்டுவம்.”

கோவாக்காப்பு

என் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு முறை அது. நுள்ளிய இலைத் துண்டை ஒவ்வொன்றாக எடுத்து, முட்டை நசியாமல், நனையாமல், அழுக்கணவன் சாம்பல் பூசியதுபோல் ஒட்டியிருக்கும் செடியாகத் தேர்ந்து, அதன் காம்பில் வாழைநாரால் தளர்வாக ஒரு முடிச்சு. நான் இரண்டு செடிக்குக் கட்டிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர்கள் கட்டியதைப் பார்த்து என் முடிச்சுகளை நானே அவிழ்த்துத் திருப்பிக் கட்டினேன். மாலை தொடுத்துப் பழகிய விரல்களுக்கு முன்னால் ஆய்வுகூடக் கை நிற்காது.

காலை முழுவதும் அந்த வேலை போனது. ஒழுங்கையால் போனவர்கள் எல்லோரும் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். பொன்னுத்துரை அண்ணையும் வந்து நின்றார்.

“என்ன தேவி, கோவாவுக்குக் கலியாணமோ? தாலி கட்டுறியள்?”

“இல்லை அண்ணை, காப்புக் கட்டுறம். கௌரிக்காப்பு முடிஞ்சுது, இது கோவாக்காப்பு. உங்கடை மெசின் வராமல் இருக்க வரம் கேட்டு நோன்பிருக்குது.”

கௌரி விரதம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. அண்ணையின் கையில் அந்த விரதத்துக்குக் கட்டிய சிவப்பு நூல் இன்னும் இருந்தது. அவர் அதைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டுச் சொன்னார்:

“நோன்பு இருக்கட்டும். கண்ணாலை காணாமல் நான் ஒண்டும் நம்பமாட்டன். ஒரு பூச்சி இன்னொரு பூச்சியைத் தின்னுமெண்டு பிள்ளை சொல்லுறா. எனக்குக் காட்டட்டும்.”

அதனால்தான் போத்தல்கள். அவருடைய வீட்டில் வைத்தால் அவர் இடம், தோட்டத்தில் வைத்தால் அக்காவின் இடம். வாசிகசாலை எல்லோருக்கும் பொது. நான் இரண்டு வாளிகளிலும் இருந்து சில முட்டைகளைத் தெரிந்தெடுத்துக்கொண்டுபோய்ப் பத்திரிகைகளுக்கு நடுவில் வைத்தேன்.

இரண்டு தாய்மார்

பெயர் வைத்தது தேவி. போத்தல்களில் நான் எழுதி ஒட்டியிருந்த நீளப் பெயர்களை ஒருதரம் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, “உதைச் சொல்லி முடியிறதுக்குள்ளை புழு கோவாவை முடிச்சிடும்,” என்றாள்.

“தன்ரை மயிரைப் பிடுங்கிப் பிள்ளையளைப் போர்த்து வைச்சவ போர்வைக்காரி. தனித்தனிக் கம்பியிலை ஏத்தி வைச்சவ கம்பிக்காரி. சரியோ மிஸ்?”

சரியோ பிழையோ, அடுத்த நாள் ஊர் முழுவதும் அதுதான் பேச்சு. தேத்தண்ணிக் கடையில்கூட, “கம்பிக்காரி பொரிச்சிட்டாவோ?” என்று கேட்டார்கள். பிரசவ விடுதிச் செய்தி கேட்பதுபோல.

இந்த நிலையில்தான் நான் தொடக்கத்தில் சொன்ன காலை வந்தது. கம்பிக்காரியின் பிள்ளை தன் தம்பியைத் தின்றுகொண்டிருந்தது. பொன்னுத்துரை அண்ணை விடுவாரா?

“போர்வைக்காரியைப் பாருங்கோ. என்ன வடிவான தாய்! பிள்ளையள் என்ன ஒற்றுமை! மற்ற வீட்டிலை வெட்டுக்குத்து.”

சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். பிறகு சொன்னேன்:

“ஓம் அண்ணை. தின்னும். அதுதான் தாய் தனித்தனிக் கம்பியிலை வைச்சவ.”

“என்ன?”

“முதல் பொரிக்கிறது கம்பியாலை இறங்கிப் பசியோடை நடக்கும். மற்ற முட்டையள் மேலை, கம்பி நுனியிலை. எட்டாது. கீழாலை போயிடும். தோட்டத்திலை எண்டால் போற வழியிலை அழுக்கணவனைக் காணும், பிஞ்சுப் புழுவைக் காணும். இஞ்சை நான் போத்தலுக்குள்ளை அடைச்சு வைச்சன். நேற்றுப் போட்ட அழுக்கணவனை எல்லாம் முடிச்சுப்போட்டுது. பேந்து கையிலை அம்பிட்டது தம்பிதான்.”

“அப்ப பெத்த தாய்க்கே தெரியும், பிள்ளை கொலைகாரன் எண்டு.”

“தெரிஞ்சபடியாலைதான் எங்களுக்கு அது வேலைக்காரன்.”

தென்னை ஈர்க்கு ஒன்றை முறித்து, கம்பிக்காரியின் பிள்ளையை மெல்ல ஏற்றினேன். துணியைத் தளர்த்தி, போர்வைக்காரியின் பிள்ளைகள் மேய்ந்த இலையில் விட்டேன். அது கொஞ்சநேரம் அசையவில்லை. அதன் பிறகு தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு நடந்தது. பந்தியின் ஓரத்தில் இருந்த ஒரு புழுக்குஞ்சை முட்டியது. தாடைகள் மூடின.

பக்கத்தில் இருந்த புழுக்கள் தங்கள்பாட்டில் மேய்ந்தன.

“பாத்தியளோ அண்ணை, ஒற்றுமையான குடும்பத்தை? ஒண்டு போகுது, மற்றது திரும்பியும் பாக்கேல்லை,” என்றாள் தேவி.

அப்போதுதான் சிவமலர் அக்கா வாசல் நிலையை விட்டு உள்ளே வந்தார். அவர் கூட்டத்தில் கதைத்து நான் அதுவரை கேட்டதில்லை.

“அண்ணை, போர்வைக்காரி எல்லாப் பிள்ளையளையும் ஒண்டாய் மூடி வைக்கிறபடியாலைதான் எனக்கு வேலை லேசு. ஒரே நுள்ளு. நூற்றுக்கணக்கு முடிஞ்சுது. கம்பிக்காரின்ரை பிள்ளையளை அப்பிடி ஒரு நுள்ளிலை முடிக்க ஏலாது. அதாலைதான் அவவை எனக்குப் பிடிச்சிருக்கு.”

நடுக்கோடு போட்டு நான் எழுதிய விடையில் இந்த வரி இல்லை. இரண்டு பக்கத்தையும் சரியாக எழுதியிருந்தேன். ஆனால் ஒரு பக்கத்தை மற்றப் பக்கத்தின் மேல் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அக்கா பார்த்தார். என் பிரிவில் உள்ள ஒரு விவசாயி, என் பாடத்தை எடுத்து, நான் நிறுத்திய இடத்துக்கு அப்பால் கொண்டுபோனார். ஒரு போதனாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த வாசிகசாலையில் நான் சற்று நிமிர்ந்து நின்றது நினைவிருக்கிறது.

பொன்னுத்துரை அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உது போத்தல். தோட்டம் வேற. ஞாயிற்றுக்கிழமை பாப்பம்.”

ஞாயிற்றுக்கிழமை

சொன்னபடி வந்தார். முதுகில் மருந்து மெசின். நிறைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். நடக்கும்போது உள்ளே திரவம் குலுங்கும் சத்தம் கேட்டது.

சிவமலர் அக்கா கிணற்றுக் கட்டோடு நின்றார். கையில் வாளிக் கயிறு. அந்த நாட்கள் முழுவதும் அவரும் தேவியும் காலையும் மாலையும் போர்வைகளை நுள்ளியிருந்தார்கள். கம்பிகளைத் தொடவில்லை. நான் இடையில் இரண்டு தடவை வந்து பார்த்தேன். நம்பிக்கை இருந்தது. ஆனாலும் அன்று விடியவே நானும் வந்து நின்றேன்.

அண்ணை முதல் வரிசைக்குள் இறங்கினார். வெளி இலைகளில் ஓட்டைகள் இருந்தன. அவற்றைப் பார்த்து, “ம்,” என்றார். இலைகளை விரித்து நடுவைப் பார்த்தார். நடுக் குருத்து இறுகி, வெளிறின பச்சையில், ஓட்டையில்லாமல் திரண்டுகொண்டிருந்தது. அடுத்த செடி. அதற்கடுத்தது. வாழைநார்க் காப்புகளில் இலைத் துண்டுகள் சருகாகித் தொங்கின. காம்புகளின் நுனியில் வெறும் கோதுகள். செடிகளின் பின்பக்கம் அழுக்கணவனின் உலர்ந்த தோல்கள், ஊதினால் பறந்தன.

நாலாவது வரிசையில் ஒரு இலையைத் திருப்பியவர் நின்றுவிட்டார். புதிதாக ஒரு போர்வை. முதல்நாள் இரவு வந்து வைத்திருக்க வேண்டும்.

அண்ணை மெசினின் கைபிடியைத் தேடவில்லை. பெருவிரலையும் சுட்டுவிரலையும் கொண்டுபோய், இலைத் துண்டோடு ஒரே நுள்ளில் எடுத்தார். தேவி ஓடிப்போய் வாளியை நீட்டினாள். போட்டார்.

அடுத்த செடியிலும் விரல் அதே வேகத்தில் போனது. இலையின் ஓரத்தில் வெள்ளை நூல்கள். நுனியில் இளம்பச்சை முட்டைகள். நாங்கள் கட்டியவை அல்ல. தானாக வந்த ஒருத்தி புதிதாக வைத்துவிட்டுப் போனவை.

விரல் நடுவழியில் நின்றது.

“இவ கம்பிக்காரியெல்லே,” என்றார். யாருக்கும் சொல்லவில்லை. இலையை மெல்லத் தாழ்த்தி, அது இருந்தபடியே விட்டார்.

கடைசி வரிசைவரை போனார். திரும்பி வந்து வரம்பில் நின்று, தோளை நெளித்து மெசினைக் கழற்றி நிலத்தில் வைத்தார். அது முன்னைப்போலவே நிறைந்திருந்தது.

“சிவமலர், தண்ணி கொஞ்சம் அள்ளு. தாகமாக் கிடக்கு.”

அக்கா வாளியை விட்டார். கப்பி சத்தமிட்டது. அண்ணை குனிந்து இரண்டு கைகளையும் குவித்தார். அக்கா ஊற்ற ஊற்றக் குடித்தார். கௌரிக்காப்பு நனைந்தது. குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, என்ரை பக்கத்தையும் ஒருக்கா வந்து பாருங்கோ. இஞ்சை மிஞ்சினதுகள் வரம்பு தாண்டி வரலாந்தானே?”

“புழுவோ அண்ணை?” என்றாள் தேவி.

“கம்பிக்காரியடி!”

அதற்குப் பிறகு அவர் மருந்தே அடிக்கவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். தூரத்துப் பாத்திகளுக்கு அடித்தார். சிவமலர் அக்காவின் வரம்பை ஒட்டிய பாத்திகளுக்கு அடிக்கவில்லை. காணியைப் பற்றிய கதையும் பிறகு எழவில்லை. அடுத்த போகமும் அக்காதான் அதில் நின்றார். இன்றும் நிற்கிறார்.

உடுப்பிட்டியில்

எனக்கு இடமாற்றம் வந்தது. வடமராட்சிப் பக்கம். புதுப் பிரிவில் அறிமுகமாகுமுன் ஒருநாள், உடுப்பிட்டியில் ஒரு மிளகாய்த் தோட்டத்தின் ஓரமாக ஸ்கூட்டியை நிறுத்தினேன். செடிகளுக்கு நடுவே ஒரு அம்மா களை பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னை அவருக்குத் தெரியாது. அவரை எனக்கும் தெரியாது. அலுவலக அடையாள அட்டையும் பைக்குள் கிடந்தது.

பழக்க தோஷத்தில் ஒரு இலையைத் திருப்பினேன். வெள்ளை நூல்கள். நுனியில் முட்டைகள். இன்னும் கிட்டப் பார்ப்பதற்காக விரலைக் கொண்டுபோனேன்.

“ஏய் பிள்ளை! உதிலை கை வைக்காதையும்!”

திரும்பிப் பார்த்தேன். களைக் கத்தியோடு எழும்பி நின்றார்.

“நுள்ளிப் போடாதையும். அது கம்பிக்காரி. எங்கடை ஆள். போர்வைக்காரி எண்டால் நுள்ளலாம், பிழையில்லை.”

வட்டுக்கோட்டைக்கும் உடுப்பிட்டிக்கும் இடையில் எத்தனை சந்திகள், எத்தனை சந்தைகள், எத்தனை பஸ் மாற வேண்டும். அந்த இரண்டு பெயர்களும் எனக்கு முந்தியே எந்தப் பஸ்ஸில் ஏறி வந்தனவோ தெரியாது. தேவி கூடவே வந்து நிற்பதுபோலிருந்தது.

குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

“ஆரம்மா உந்தப் பேர் வைச்சது?”

அவர் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார்.

“ஆர் வைக்கிறது? முந்தித் தொடக்கமே உதுக்கு உதுதானே பேர். உமக்குத் தெரியாதோ?”

“இல்லையம்மா,” என்றேன். கையை எடுத்துக்கொண்டேன்.